துணி வெளுத்தவர் மகள் சட்டம் எழுதினார்

"கொஞ்சம் தகுதி வரட்டும், பிறகு இறங்குகிறேன்" என்று காத்துக்கொண்டிருக்கிற பெண்ணே, உனக்குத்தான் இதை எழுதுகிறேன். இன்னும் ஒரு பட்டம், இன்னும் கொஞ்சம் பணம், வீட்டுப் பெரியவர்களின் ஒரு தலையசைப்பு. எல்லாம் வந்து சேர்ந்தபின் எழுதலாம், பேசலாம், நாலு பேர் முன்னால் நிற்கலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டே போகிறாய். யாருமே தலையசைக்காத இடத்தில் பிறந்து, யாரையும் கேட்காமல் தொடங்கிய ஒருவரைச் சொல்கிறேன், கேள்.

பிரேசிலின் தெற்கே சாந்தா கத்தரினா என்றொரு மாநிலம். தலைநகர் ஃப்ளோரியானோபோலிஸ். 1901 ஜூலை 11 அன்று அங்கே பிறந்தார் அந்தோனியேத்தா தெ பாரோஸ். அம்மா, அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். ஊரார் துணியை வெளுத்துக் கொடுத்துப் பிழைத்தவர். அப்பாவின் நிழலும் இல்லாமல் வளர்ந்த பிள்ளை. அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக அடிமை முறையை ஒழித்த நாடு பிரேசில். அதற்கான சட்டம் 1888 மே 13-ல் வந்தது. அந்தோனியேத்தா பிறந்தபோது அந்தச் சட்டத்துக்கு வயது வெறும் 13. அதிலும் அது ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் கைஓங்கிய மாநிலம். கறுப்பினம், ஏழ்மை, பெண் பிறப்பு, கேட்பாரற்ற வீடு. நீ விரலை மடக்கி எண்ணும் காரணங்களில் எது இவரிடம் இல்லை?

அந்த அம்மா லேசுப்பட்டவர் அல்ல. வெளியூர் மாணவர்களைத் தன் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டார். மாணவர்கள் வந்தால் புத்தகங்களும் வரும். புத்தகங்கள் இருக்கிற வீட்டில் மகளின் கண் எங்கே போகும்? 1921-ல் அந்தோனியேத்தா ஆசிரியர் பயிற்சியை முடித்தார். இருபது வயதுப் பெண் அடுத்து என்ன செய்திருக்க வேண்டும்? யாராவது வேலை போட்டுத் தருவார்களா என்று பெரிய மனிதர்களின் வாசலில் நின்றிருக்கலாம். இவர் 1922-ல் தன் வீட்டிலேயே, தன் பெயரிலேயே ஒரு எழுத்தறிவுப் பள்ளியைத் திறந்தார். படிப்பு வாய்க்காத ஏழைகளுக்கு அகரம் முதல் சொல்லிக்கொடுத்தார்.

இதில் என்ன பெரிய வீரம் என்று நினைக்காதே. அந்த நாட்டுச் சட்டத்தைப் பார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு பிரேசிலில் அன்று வாக்குரிமை கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இறுகிய அந்தத் தடை 1985-ல்தான் நீங்கியது. கணக்கைப் போட்டுப் பார். அடிமைகளுக்கு எழுத்தைக் கொடுக்காமல் வைத்திருந்து, விடுதலை கொடுத்தபின் எழுத்துத் தெரியவில்லை என்று சொல்லி ஓட்டைக் கொடுக்க மறுத்தார்கள். எவ்வளவு சாமர்த்தியமான பூட்டு! அந்தப் பூட்டுக்கு வீட்டுத் திண்ணையளவு இடத்தில் உட்கார்ந்து சாவி வார்த்தார் இந்த இளம் ஆசிரியை. சட்டமன்றத்துக்குள் கால் வைப்பதற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அவர் அரசியலில் இறங்கிவிட்டார் என்பேன். கையெழுத்துப் போடத் தெரியாத ஒருவருக்குப் பெயர் எழுதக் கற்றுக்கொடுப்பதைவிடப் பெரிய அரசியல் எது?

அதே 1922-ல் பத்திரிகையிலும் கை வைத்தார். எழுதுவதோடு நிற்காமல், ஒரு இதழைத் தொடங்கி நடத்தவும் செய்தார். 'மரியா த இல்யா', அதாவது தீவின் மரியா என்ற புனைபெயரில் பத்தி எழுதினார். பெண்ணைக் கல்யாணச் சந்தைக்கு மட்டும் தயார் செய்யும் வளர்ப்பைக் கேள்வி கேட்டார். பெண்ணுக்கு அறிவு ஏன் வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பத்திகளைத் தொகுத்து 1937-ல் நூலாக்கினார். 'கருத்துக் கந்தல்கள்' என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார். வந்த பணத்தைத் தொழுநோயாளிகளின் பிள்ளைகளைப் பராமரிக்கும் இல்லத்துக்குக் கொடுத்தார். கையில் மிச்சம் வைத்துக்கொள்ளும் அளவுக்கு வசதி படைத்தவரா அவர்? இல்லை. இருந்தும் கொடுத்தார்.

பிரேசில் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1932-ல். 1934 தேர்தலில் அந்தோனியேத்தா சாந்தா கத்தரினா சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த மாநிலத்தின் முதல் பெண் உறுப்பினர். பிரேசிலில் தேர்தலில் வென்று சட்டமன்றம் புகுந்த முதல் கறுப்பினப் பெண். அம்மா எந்தக் குடும்பங்களின் அழுக்குத் துணியைத் துவைத்தாரோ, அப்படிப்பட்ட குடும்பங்களின் ஆண்களுக்குச் சமமாக மகள் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்து கொட்டாவி விடவில்லை. மாநிலத்தின் புதிய அரசியல் சட்டத்தில் கல்வி, பண்பாடு பற்றிய பகுதியையும் அரசு ஊழியர் பற்றிய பகுதியையும் வகுத்துத் தரும் பொறுப்பு அவருடையது. ஏழை மாணவருக்கு உயர்கல்வி உதவித்தொகை, சிபாரிசை ஒதுக்கிவிட்டுப் போட்டித் தேர்வு வழியாக ஆசிரியர் நியமனம் என்று போராடினார். சிபாரிசுக் கடிதத்தின் கனம் அறிந்த நமக்கு இது எவ்வளவு பேரைப் பகைத்துக்கொள்ளும் வேலை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் நின்ற கட்சி புரட்சிக் கட்சி ஒன்றும் இல்லை. மாநிலத்தின் செல்வாக்கான குடும்பம் ஒன்றின் கைக்குள் இருந்த கட்சி. அதற்காக அவரைக் குறை சொல்பவர்கள் சொல்லட்டும். கிடைத்த கதவு அது. அதன் வழியே உள்ளே போய் என்ன செய்தார் என்றுதான் நான் பார்க்கிறேன். எந்தக் கறையும் படாத கட்சியும் எந்தக் குறையும் இல்லாத மேடையும் கிடைத்தால்தான் வருவேன் என்பதும் கோழைத்தனத்தின் இன்னொரு முகம்தான்.

1937 நவம்பரில் நாட்டின் அதிபர் வர்காஸ் சர்வாதிகாரியாகி, சட்டமன்றங்களை இழுத்து மூடினார். பதவி போயிற்று. சொல், நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? அவர் வகுப்பறைக்குத் திரும்பினார். 1944-ல் ஆசிரியர்களை உருவாக்கும் மாநிலக் கல்வி நிறுவனத்தின் இயக்குநரானார். ஜனநாயகம் திரும்பியதும் மறுபடி தேர்தலில் நின்றார். நேராக இடம் கிடைக்கவில்லை. மாற்று உறுப்பினர் வரிசையில்தான் பெயர் வந்தது. அதற்காக முகம் சுளிக்காமல், 1948-ல் இடம் காலியானதும் போய் உட்கார்ந்தார். அதே ஆண்டு அக்டோபர் 12-ல் அவர் கொண்டுவந்த சட்டம் நிறைவேறியது: அக்டோபர் 15 சாந்தா கத்தரினாவின் ஆசிரியர் தினம். 1827-ல் பேரரசர் முதலாம் பெத்ரு தொடக்கப் பள்ளிகளுக்கான ஆணை பிறப்பித்த நாள் அது. 1963-ல் பிரேசில் முழுவதும் அதையே ஏற்றது. நமக்குச் செப்டம்பர் 5 போல, அங்கே கோடிக்கணக்கான பிள்ளைகள் ஆசிரியருக்குப் பூக்கொடுக்கும் நாள், மாற்று உறுப்பினராக உள்ளே போன ஒரு பெண் போட்ட விதை.

அப்போதும் விட்டார்களா? 1951-ல் அரசியல் எதிரி ஒருவர் அவருடைய எழுத்தை அடிமைக் குடிசையோடு முடிச்சுப்போட்டுப் பத்திரிகையில் இழிவு செய்தார். அந்தோனியேத்தா அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் ஆசிரியர், எத்தனை ஆண்டுகள் எழுத்தாளர், இரண்டு முறை சட்டமன்ற உறுப்பினர்! அத்தனைக்கும் பிறகு பிறப்பைத்தான் தோண்டினார்கள். தகுதி கூடினால் வசை நின்றுவிடும் என்று நம்பிக் காத்திருக்கிறாயே, இதைக் கவனி. வசை நிற்காது. அவர் ஒளிந்து அழவில்லை; அதே பத்திரிகை உலகில், எழுத்தாலேயே பதில் கொடுத்தார்.

1952 மார்ச் 28-ல், ஐம்பது வயதில், அவர் மறைந்தார். 2023-ல் பிரேசில் தன் நாட்டு வீரர்களின் பெயர்ப் பதிவேட்டில் அவர் பெயரையும் சேர்த்தது. எழுபது ஆண்டு தாமதம். நல்லவேளை, அந்த அங்கீகாரத்துக்காக அவர் உயிரோடு காத்திருக்கவில்லை.

இதை வாசிக்க உனக்கு எழுத்துத் தெரிந்திருக்கிறது. பதினெட்டு நிறைந்திருந்தால் ஓட்டும் இருக்கிறது. உன் தெருவில் கைநாட்டு வைக்கும் பாட்டி ஒருத்தி இருப்பாள். இந்த வாரமே போய் உட்கார்ந்து அவள் பெயரை எழுதப் பழக்கு. பத்திரிகைக்கு எழுதி மடித்து வைத்திருக்கும் கட்டுரையை உன் சொந்தப் பெயரிலேயே அனுப்பு. அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் உன் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டால், யாருடைய மனைவியாகவும் மகளாகவும் பெயர் கொடுக்காதே. உனக்காக நீயே வேட்புமனு போடு. ஜெயித்தால் அந்த நாற்காலியில் நீயே உட்கார்.