கணக்கு வழுவால் வந்த பொருள்

பொருள் நம்மிடத்து வந்தடைதல் வேறு. அது நமக்கு உரித்தாதல் வேறு. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் கற்றாரிடத்தும் காணப்படுதலின், அதுபற்றிச் சில கூறப் புகுந்தேம்.

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் எம்மிடம் சித்தாந்த பாடங் கேட்க வருவார் அன்பர் ஒருவர். அவர் ஒரு கம்பெனியிற் பல்லாண்டு பணிபுரிந்து விலகியவர். அக்கம்பெனியார் கணக்குத் தீர்த்து அவர்க்குரிய 62,000 ரூபாயை வங்கி வழியாக அனுப்பினர். பத்து நாள் கழிந்தபின் அத்தொகையே மீட்டும் ஒருமுறை வந்தது. தமக்குச் சேரவேண்டிய பிறிதொரு பாக்கி போலும் என்றெண்ணி, அதனினின்று 20,000 ரூபாயைத் தம் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்குச் செலுத்திவிட்டார். பின்னர்க் கணக்குத் தாள்களை ஒப்புநோக்கியபொழுதுதான், ஒரு கணக்கே இருமுறை தீர்க்கப்பட்டமை அவர்க்குப் புலனாயிற்று. கம்பெனியார் கேட்டிலர், கேட்பார் என்னுங் குறிப்பும் இல்லை.

'ஐயா, யான் கவர்ந்ததில்லை, வஞ்சித்ததில்லை, தானே வந்தது. பேறும் இழவும் கருவிலேயே வகுக்கப்பட்டன என்று தாங்களே பாடஞ் சொன்னீர்கள். இஃது அண்ணாமலையார் தந்ததென்று கொள்ளலாகாதா? அன்றேல், எஞ்சியதைத் தீபத் திருநாளில் அன்னம் பாலிப்பிற்குக் கொடுத்துவிடலாமா?' என்று அவர் வினவினார். வினாவிற் கரவில்லை, வறுமையும் இருந்தது. ஆதலின் விரைந்து விடை கூறாது ஆராய வேண்டுவதாயிற்று.

இத்தகைய நிகழ்ச்சிகள் இக்காலத்து அரியவல்ல. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியினின்று 9,000 கோடி ரூபாய், சென்னையில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவரது கணக்கிற் பிழையாக வரவு வைக்கப்பட்டது. அவர் அதனை நம்பாராய், மெய்யோ பொய்யோ என அறிதற்கு 21,000 ரூபாயை நண்பர்க்கு அனுப்பிப் பார்த்தார். சிறிது பொழுதில் வங்கி எஞ்சியதை மீட்டுக்கொண்டது. அவ்வாண்டு நவம்பர் 10 முதல் 13 வரை யூகோ வங்கியில் இதனினும் பரந்ததொரு வழு நேர்ந்தது. பிற வங்கிகளிலிருந்து அனுப்பப்பட்ட தொகைகள் அனுப்பினார் கணக்கிற் கழியாமலே பெறுவார் கணக்கில் ஏறின. ஏறக்குறைய 41,000 கணக்குகளிற் சேர்ந்த தொகை 820 கோடி ரூபாய். சில நாட்களுள் 649 கோடி மீட்கப்பட்டதென வங்கி அறிவித்தது. நின்றது 171 கோடி. எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடாதார் பலர் என்பதுபற்றி மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்து ஆராயலாயிற்று. கருவியின் வழு ஒன்றே. ஆயின் அதனாற் சோதிக்கப்பட்ட உள்ளங்கள் பல்லாயிரம்.

உலக நூல் இதற்கு யாது கூறும்? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 72ஆம் பிரிவில், பிழையாற் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவன் திருப்பித் தருதல் வேண்டும் என விதிக்கின்றது. இருவர் சேர்ந்து பட்ட நூறு ரூபாய்க் கடனை ஒருவன் தீர்த்துவிட, அதனை அறியாது மற்றவனும் தீர்ப்பானாயின், கடன் கொடுத்தவன் பின்னையதைத் திருப்புதற்குரியன் என்பது அச்சட்டமே காட்டும் எடுத்துக்காட்டு. 1860ஆம் ஆண்டின் தண்டச் சட்டமோ, உரியவன் இன்னான் என்றறியாது வழியிற் கிடந்த ரூபாயை எடுத்தல் ஒன்றே குற்றமாகாது என்றது. உரியவனை அறிந்தும் தனதாக்கிக் கொள்ளுதலைக் குற்றமென்றது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் அதற்கு ஈடாக நடைபெறும் பாரதிய நியாய சன்ஹிதாவும் அந்நெறியினதே. குற்றத்திற்கு எல்லையாக இங்கு நிறுத்தப்பட்டது அறிவு. சித்தாந்தமும் அவ்வறிவினின்றே தொடங்கும். ஆயின் சட்டம் கைப்பொருளை நோக்கி நிற்ப, சித்தாந்தம் பற்றிய உள்ளத்தை நோக்கிச் செல்லும்.

இனி, ஊழ் தந்தது என்னும் முதற் கூற்றை நோக்குவாம். ஊழ் தருவது நுகர்ச்சி. அந்நுகர்ச்சியின்கண் விருப்பு வெறுப்பொடு நாம் புரிவது ஆகாமியம். பொருள் வந்தமை பிராரத்தம் எனின், அதனை வைத்துக்கொள்வதும் திருப்புவதும் ஆகாமியமே. வந்தமையே உரிமைக்குச் சான்றாமெனின், நம் கொல்லையுட் புகுந்த அயலான் பசுவும் நமக்குரியதாதல் வேண்டும். அன்றியும், அப்பணம் சின்னாள் நம்மிடத்து நின்று நீங்குதலே ஊழ் வகுத்ததாகவுங் கூடும். அதன் எல்லையை அறிந்தார் போல 'என்றும் எமக்கே' என்றல் யாங்ஙனம் பொருந்தும்?

இதனை அறிதற்கு எளியதொரு வழி உண்டு. அக்கம்பெனி 62,000 ரூபாயைக் குறைத்துக் கொடுத்திருப்பின், நம் அன்பர் ஊழென்று வாளா இருந்திருப்பாரா? மறுநாளே சென்று கேட்டிருப்பார்; கேட்டலும் முறையே. குறைந்தவழிக் கணக்கையும் மிகுந்தவழி ஊழையும் சான்றாக அழைத்தல் நடுவுநிலைமை அன்று.

அற்றேல், 'வழு அவர்களுடையது; எம்மேற் குற்றம் யாது?' எனின், அமர்நீதி நாயனார் வரலாற்றை நினைக. அடைக்கலமாக வைத்த கோவணம் மறைந்தது அவர் பிழையால் அன்று. 'யான் மறைத்திலேன்' என்று அவர் அமைந்தாரல்லர். ஈடாக எடுத்துத் துலையில் இட்டவையெல்லாம் நிறை காணாதொழிய, இறுதியில் மனைவி மகவொடு தாமும் ஏறினார். பிறர் பொருள்பாற் கடமை நம் பிழையினின்று பிறப்பதன்று. அது பிறர் பொருள் என்னும் அறிவினின்று பிறப்பது. அன்பர் தாள்களை ஒப்புநோக்கி அறிந்த அக்கணமே, அவர் கணக்கிலிருந்த அப்பணம் அடைக்கலப் பொருளாயிற்று.

கம்பெனி ஓர் உயிரன்று, அதற்கு நோவில்லை என்பாரும் உளர். வினை செய்தானைப் பற்றுமேயன்றி, இழந்தாரது சிறுமை பெருமைகளை எண்ணிப் பற்றாது. மனம் 'எனது' என்று பற்றியவழியே கட்டு உண்டாகின்றது. அன்றியும், கம்பெனி உயிரன்றாயினும் அதன் ஏட்டை எழுதிய கணக்கர் உயிரே. ஆண்டிறுதியிற் கணக்கு ஒவ்வாதபோது தலைகுனிந்து நிற்பவர் முதலாளியல்லர், அக்கணக்கரே. அவர்க்கும் கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய மகள் இருத்தல் கூடும்.

இனி, அறத்திற்குக் கொடுத்தல் பற்றிய வினா. இது மடங்களைச் சார்ந்தார் சிறப்பாக எண்ணற்பாலது. மூர்க்க நாயனார் சூதினால் வென்ற பொருளைக்கொண்டு அடியார்க்கு அமுதளித்தார் அன்றோ, வந்த வழியை நோக்கற்க என்பாரும் உளர். அவ்வாறன்று. சூதில் இருவரும் அறிந்து பொருள் வைத்தனர். ஒருவரது அறியாமையை மற்றவர் கவர்ந்திலர். தம் செயலற்று அடியார் பணியே தாமாக நின்றார் ஒருவரது செயலை, 'எனது' என்னும் முனைப்பு நீங்காத நாம் துணையாகக் கொள்ளுதல் தகாது.

நமக்கு ஏற்ற சான்று அதிபத்த நாயனாரே. தலைமீனைச் சிவபெருமானுக்கென்று கடலில் விடும் நோன்பு பூண்ட அவர், நாள்தோறும் ஒரு மீனே கிடைத்துப் பட்டினியால் உடல் தளர்ந்த காலத்தும் அதனை விட்டார். பொன்மீன் ஒன்று வலையிற் பட்டபோதும் விட்டார். என் வலையில் வந்தது என்றோ, என் வறுமைக்கு இறைவன் தந்தது என்றோ அவர் சொல்லிற்றிலர். ஆயின் அம்மீன் அவர் தொழிலால் வந்தது, கொடுத்தற்குரியதைக் கொடுத்தார். தனக்குரித்தல்லாததைச் சிவனுக்குக் கொடுத்தல் கொடையாகாது. ஒருவர் பொருளை மற்றொருவர்க்கு மாற்றி, இடையே நாம் புண்ணியம் கொள்ளக் கருதுதலே யாகும். வந்த வழியை அறிந்தும் அதனை ஏற்பது மடத்திற்கும் தகாது.

மகளின் கட்டணத்திற்குச் செலவான 20,000 ரூபாய் எவ்வாறாம்? அறியாது செலவிட்டமை களவன்று. ஆயின் அறிந்தபின் அது கடன். ஒரே நாளிற் கொடுத்தல் இயலாதெனின், இயலாமையை உரியாரிடம் உரைத்துத் தவணை வேண்டல் இழிவன்று. மறைத்தலே இழிவு.

இவ்வளவும் கூறுதற்கு யாம் தூயேம் என்று அன்பர்கள் கருதற்க. ஒருகால், அச்சுப்பிழை திருத்திய கூலியாக ஒரு பதிப்பகத்தார் 500 ரூபாய் மிகையாக அனுப்பினர். அறிந்தும் ஒன்பது நாள் வாளா இருந்தேம். அவ்வொன்பது நாளும், அவர் கேட்பின் யாது விடை கூறுவதென்றே எம் மனம் தேடிற்று. நமக்குரிய பொருளுக்கு எவரும் விடை தேடுவதில்லை. அத்தேட்டமே அது பிறர் பொருள் என்பதற்குச் சான்றாகி, எம்மை நாணச் செய்தது. பத்தாம் நாள் திருப்பியனுப்பினேம்; ஒன்பது நாட் கணக்கு மட்டும் எம்மேல் நின்றது.

இதனையும் அன்பர்க்கு உரைத்தேம். அவர் கம்பெனியார்க்குக் கடிதம் எழுதி 42,000 ரூபாயை உடனே திருப்பினார். எஞ்சியதைத் திங்கள்தோறும் 4,000 ரூபாயாக ஐந்து தவணையில் தருவதாக வேண்ட, அவர்களும் இசைந்தனர். இறுதித் தவணை செலுத்திய மாலை பாடத்திற்கு வந்திருந்தார். அன்று நிகழ்ந்தது இருவினையொப்புப் பற்றிய பகுதி. பேற்றையும் இழவையும் ஒப்ப நோக்கும் அந்நிலை நம்மனோர்க்கு நெடுந்தொலைவினது. ஆயினும், நமதல்லாத பேற்றை நமதன்று என்று கூறிக் கைவிடுதல் அந்நெடுவழியின் முதலடியாகும். அவ்வடி எடுத்து வைக்க அண்ணாமலையார் திருவருள் முன்னிற்க.

திருச்சிற்றம்பலம்