முன்னால் நடந்தவர்

உங்கள் செல்போனை எடுங்கள். அதில் பதிந்து வைத்திருக்கும் பெயர்களை மேலிருந்து கீழே ஒருமுறை தள்ளிப் பாருங்கள். 'ஆட்டோ', 'கேஸ்', 'பிளம்பர்', 'தண்ணி கேன்', 'வாட்ச்மேன் புதுசு'... இப்படி எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள்.

என் போனில் பதினொன்று. அதில் ஒன்று, 'ஊட்டி கைடு'.

மற்ற பத்துக்கும் ஏதாவது சமாதானம் சொல்லிவிடுவேன். பிளம்பரை வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறேன், பெயர் எதற்கு என்பேன். ஆனால், இந்தப் பதினோராவது ஆள் விஷயத்தில் என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. ஒரு முழு நாள் அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். அவர் கால் வைத்த இடத்தில்தான் நானும் கால் வைத்தேன். அப்படியும் அவர் பெயரை நான் கேட்கவில்லை.

இதை ஞாபகப்படுத்தியவன் என் நண்பன். சாஃப்ட்வேர்காரன். போன மாதம் பெரு நாட்டுக்குப் போய்விட்டு வந்தான். இன்கா மக்கள் கட்டிய மச்சு பிச்சுவுக்கு மலைப் பாதையில் நடந்தே போகிற பயணம். நாலு நாள், சுமார் 42 கிலோமீட்டர். வழியில் 4,200 மீட்டருக்கு மேல் ஒரு கணவாயைத் தாண்ட வேண்டும். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நானூறு போட்டோ காட்டினான். மேகம், கல் சுவர், அவன், மறுபடி மேகம், மறுபடி அவன். ஒரு போட்டோவின் ஓரத்தில் மட்டும் குள்ளமாக ஒருவர். தலைக்கு மேல் எழும்பி நிற்கிற மூட்டை. காலில் ரப்பர் செருப்பு.

"யாருடா இது?"

"போர்ட்டர். சூப்பர் ஆளு! நாம எழுந்து கிளம்பினதும் டென்ட்டைச் சுருட்டிக்கிட்டு நம்மளைத் தாண்டி ஓடிடுவாரு. நாம போய்ச் சேர்றப்போ டென்ட் அடிச்சு, சூப்பு கொதிச்சுக்கிட்டு இருக்கும்."

"பேரு என்ன?"

நண்பன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். "நாலு நாள்ல கேக்கவே இல்லையேடா" என்றான். அவனைச் செமையாகக் கிண்டல் செய்தேன். அன்று ராத்திரி தற்செயலாக என் போனைத் தள்ளிக்கொண்டே வந்தபோது 'ஊட்டி கைடு' கண்ணில் பட்டது. கிண்டல் எல்லாம் இறங்கிவிட்டது.

*

ஊட்டி என்றால் நமக்கு பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், வர்க்கி, சாக்லேட். அந்த ஊட்டியிலிருந்து கோத்தகிரி போய், தேயிலைத் தோட்டங்களைத் தாண்டிக் கீழ்க்கோத்தகிரிப் பக்கம் இறங்கினால் கரிக்கையூர் வரும். இருளர்கள் வாழும் ஊர். அங்கிருந்து காட்டுக்குள் நடந்தால் பொறிவரை என்ற பெரிய பாறைச் சரிவு. அதில் பல ஆயிரம் வருடங்களுக்கு முற்பட்டவை என்று ஆய்வாளர்கள் கருதுகிற ஓவியங்கள் இருக்கின்றன. மச்சு பிச்சுவுக்கு வயது சுமார் அறுநூறு வருடம்தான். நம் வீட்டுக் கொல்லையில் அதற்கு எத்தனையோ தலைமுறை மூத்தது இருக்கிறது. நமக்குத்தான் விசா வாங்கிப் பார்த்தால் மரியாதை!

வனத்துறை அனுமதியோடு நான் அங்கே போனேன். கூட வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். காலையில் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சாருக்குப் பேருங்க?" சொன்னேன். பதிலுக்கு நான் கேட்டது, "எவ்வளவு நேரம் ஆகும்ணே?"

மனிதர் அதிகம் பேசவில்லை. ஓரிடத்தில் சட்டென்று நின்று கையைக் காட்டினார். நானும் நின்றேன். அவர் மூக்கைச் சுருக்கி மோப்பம் பிடித்தார். எனக்கு மண் வாசனை தவிர ஒன்றும் தெரியவில்லை. "ஆனை நின்னுட்டுப் போயிருக்குதுங்க. இப்படிச் சுத்திப் போயிரலாம்" என்றார். சுற்றிப் போனோம். அந்த யானையை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததற்காக நன்றி சொல்ல வேண்டும் என்று அப்போது தோன்றவும் இல்லை.

வழிகாட்டி என்பது அலங்காரச் சொல் அல்ல. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதை தெரிவது வேறு, காடு தெரிவது வேறு என்று அன்று தமிழ்நாடே உணர்ந்தது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படி திறந்தபோது, அந்தந்த ஊர்க்காரர்களையும் பழங்குடி இளைஞர்களையுமே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்தது. அந்தப் பட்டியலில் கரிக்கையூர், பொறிவரைப் பாதையும் உண்டு.

பாறைக்குப் போய்ச் சேர்ந்தோம். எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெறும் பாறை. அவர் ஒரு குச்சியை எடுத்து, பாறையில் படாமல் காற்றிலேயே கோடு போட்டுக் காட்டினார். "இதுங்க தலை... இதுங்க கை..." அவ்வளவுதான், திரை விலகினாற்போல மனிதர்கள் வந்தார்கள். விலங்குகள் வந்தன. அதே பாறை, அதே கண்கள். அவர் கோடு போட்டுக் காட்டும்வரை அந்த மனிதர்கள் எனக்குத் தெரியவே இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் எல்லோரிடமும் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் போய்க் கண்டுபிடிச்சேன்ப்பா, அங்கே ஒரு இடம் இருக்கு பாரு!"

*

இந்தக் 'கண்டுபிடிச்சேன்' இருக்கிறதே, அது நான் ஆரம்பித்து வைத்தது இல்லை.

1911 ஜூலை 24. தூறல் விழுந்துகொண்டிருந்த காலை. ஹிராம் பிங்காம் என்ற அமெரிக்கப் பேராசிரியர், மெல்ச்சோர் ஆர்ட்டியாகா என்ற உள்ளூர் விவசாயியிடம் ஒரு வெள்ளிக் காசு தருவதாகச் சொல்லி, அவர் பின்னால் மலையேறினார். மேலே போனால் இடிபாடுகளுக்கு நடுவே விவசாயக் குடும்பங்கள் குடியிருந்தன. இன்காக்கள் கட்டிய அதே படிக்கட்டு வயல்களில் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். அந்த வீட்டுச் சிறுவன் ஒருவன்தான் முன்னால் நடந்து பிங்காமுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டினான். போதாததற்கு ஒரு சுவரில் லிசாராகா என்று ஒருவர் தன் பெயரையும் 1902 என்று வருஷத்தையும் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒன்பது வருடம் முன்பே!

ஆனால், உலகம் படித்தது 'பிங்காம் மச்சு பிச்சுவைக் கண்டுபிடித்தார்' என்றுதான். இன்றைக்கு மேலே ஏறும் வளைவுச் சாலைக்கு அவர் பெயர். அங்கே ஓடுகிற சொகுசு ரயிலுக்கும் அவர் பெயர்.

நம் நீலகிரிக்கு வாருங்கள். 1819-ல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறினார். அவரே நீலகிரியைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அப்போது அங்கே தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் எல்லோரும் என்ன, காணாமலா போயிருந்தார்கள்? தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கித்தான் அவர் ஊட்டியில் வீடு கட்டினார். தொலைந்துபோகாத ஊரைக் கண்டுபிடித்தார், அவ்வளவுதான்.

அடுத்து பிரீக்ஸ். நீலகிரியின் முதல் கமிஷனர். மலை உச்சிகளில் பழங்காலத்து மனிதர்கள் தங்கள் இறந்தவர்களுக்காகக் கல் அடுக்கி வட்டம் வட்டமாகக் கட்டி வைத்திருந்தார்கள். அவற்றை அவர் தோண்டினார். எருமையும் குதிரையும் மூடிமேல் நிற்கிற மண்பானைகள் கிடைத்தன. நீலகிரிக் கல்லறைப் பொருட்களை இன்றும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம், லண்டனிலும் பார்க்கலாம். 1872-ல் பிரீக்ஸ் இறந்தார். அவர் எழுதிய புத்தகம் மறு வருடம் வந்தது. ஊட்டியில் அவர் பெயரில் பள்ளிக்கூடமே இருக்கிறது. மலை உச்சிவரை அவருக்கு வழி காட்டியது யார், மண்வெட்டி பிடித்த கை யாருடையது என்று ஊட்டியில் கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காது.

*

"அதற்காக பிங்காமும் பிரீக்ஸும் ஒன்றுமே செய்யவில்லை என்கிறீர்களா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் அளந்தார்கள், படம் பிடித்தார்கள், எழுதினார்கள். அவர்கள் எழுதியதால்தான் நான் இதை உங்களுக்குச் சொல்ல முடிகிறது. அந்தப் புகழை யாரும் பிடுங்கிக்கொள்ள வேண்டாம். தகராறு 'முதலில்' என்ற ஒரே ஒரு வார்த்தையில்தான். முதலில் பார்த்தவர் என்று நாம் சொல்வது, நமக்கு முதலில் வந்து சொன்னவரை. அவருக்கு முன்னால் பார்த்தவர்கள் நம் கணக்கில் மனிதர்களாகவே சேரவில்லை. அதுதான் உறுத்துகிறது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கஷ்டமானது. "காசு கொடுத்தாச்சே சார்! பேசின கூலிக்கு மேலேயே கொடுத்தேன். அப்புறம் என்ன கடன்?" ஆர்ட்டியாகாவுக்கு பிங்காம் கொடுத்த ஒரு காசுகூட அன்றைய கூலியைவிடப் பல மடங்கு அதிகம்தான்.

கூலி முக்கியம். இல்லை என்று சொல்பவன் கூலி வேலை பார்த்திருக்க மாட்டான். பெருவில் சுமை தூக்குபவர்களுக்காக 2001-ல் தனிச் சட்டமே போட்டார்கள். ஒருவர் முதுகில் 20 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. பாதையில் எடை போட்டுப் பார்க்கிறார்கள். சட்டம் வருவதற்கு முன் எவ்வளவு ஏற்றியிருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். 'உங்களுக்கு நன்றி, நீங்கள் மலையின் மைந்தர்கள்' என்று கவிதை பாடிவிட்டுக் கூலியில் கை வைப்பதைவிட, வாயை மூடிக்கொண்டு முழுக் கூலி கொடுப்பவர் எவ்வளவோ மேல்.

ஆனால், கூலி எதற்கு? அவருடைய காலுக்கு, முதுகுக்கு, அந்த ஒரு நாளுக்கு. பாறையில் எனக்கு அந்த மனிதர்களைக் காட்டினாரே, அதற்கு என்ன ரேட்? சுற்றிப் போகச் சொன்னாரே, என் உயிருக்கு என்ன ரேட்?

திருவள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கு 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர் வைத்திருக்கிறார். எத்தனையோ முறை படித்திருக்கிறோம். அந்த இரண்டாவது சொல்லை நான் கவனித்ததே இல்லை. கொடுத்தல் இல்லை, திருப்பிச் செலுத்துதல் இல்லை. அறிதல். ஒருவர் நமக்குச் செய்ததைத் தெரிந்து வைத்திருத்தல். காசு கொடுத்தால் கணக்கு முடியும். அறிவதற்கு அந்த ஆளைத் தெரிந்திருக்க வேண்டுமே? பெயரே தெரியாதவருக்கு எப்படி நன்றி அறிவது?

*

பொறிவரையில் இன்னொன்றும் பார்த்தேன். அந்தப் பழைய உருவங்களுக்குப் பக்கத்திலும், சிலவற்றின் மேலேயும் வந்து போனவர்கள் பெயரைக் கிறுக்கியிருந்தார்கள். ஆண் பெயர், பெண் பெயர், நடுவில் அம்பு துளைத்த இதயம். எனக்குக் கோபம் வந்தது. "யாருண்ணே இவனுங்க?" என்றேன்.

"தெரியலீங்க. எங்க தாத்தன் காலத்துல இது எதுவும் இல்லை. இப்பத்தான்."

"படத்தை வரைஞ்சது யாருன்னு உங்காளுங்க சொல்வாங்களா?"

"தெரியாதுங்க. எங்க தாத்தனுக்கு அவரு தாத்தன் காட்டினாராம்."

வரைந்தவர் பெயர் எழுதவில்லை. வழிவழியாகக் காட்டியவர்களும் எழுதவில்லை. பஸ் பிடித்து வந்தவன் எழுதிவிட்டான்.

இங்கே லிசாராகாவை நினைத்துப் பார்க்கிறேன். அவரும் சுவரில்தானே எழுதினார்? அதுவும் தப்புதான். ஆனால், அவருக்கு எழுத வேறு இடம் இருந்திருக்காது. பிங்காமுக்குப் பத்திரிகை இருந்தது. 1913 ஏப்ரலில் நேஷனல் ஜியாகிரஃபிக் ஓர் இதழ் முழுவதையும் அவருக்கே கொடுத்தது. நமக்கும் எழுத இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பாறையில் எழுதுகிறோம். பாறையை விட்டு வைக்கிற கண்ணியவான்கள், என்னை மாதிரி, 'நான் கண்டுபிடிச்சேன்' என்று பேச்சில் எழுதுகிறோம். அடியில் இருப்பவரை அழித்துவிட்டு எழுதுவது இரண்டிலும் ஒன்றுதான்.

சரி, குற்றவுணர்ச்சியோடு உட்கார்ந்திருந்து என்ன ஆகப்போகிறது? போன ஞாயிற்றுக்கிழமை அந்த 'ஊட்டி கைடு' நம்பருக்குப் போன் போட்டேன். என்னை ஞாபகம் இருக்காது, யார் என்று எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்தவுடனே அவர் என் பெயரைச் சொல்லி, "சொல்லுங்க சார்" என்றார். அவர் போனில் நான் பெயரோடு இருந்திருக்கிறேன்.

வெட்கத்தை விட்டு அவர் பெயரைக் கேட்டேன். சொன்னார். பத்திரிகையில் போடலாமா என்றேன். "வேணாங்க சார், யாராச்சும் ஏதாச்சும் கேப்பாங்க" என்றார். அதனால், இங்கே எழுதவில்லை. என் போனில் மாற்றிவிட்டேன். இன்னும் பத்து பாக்கி. உங்களுக்கு எத்தனை?

வைப்பதற்கு முன் அவர் கேட்டார், "இறங்குறப்ப வலது முட்டி வலிக்குதுன்னீங்களே சார், இப்ப தேவலாமுங்களா?"