வவுணதீவில் விழுந்த சந்தேகம்

2018 நவம்பர் 30 அதிகாலை, மட்டக்களப்பு மாவட்டத்தின் வவுணதீவில் கடமையிலிருந்த பொலிஸார் இருவர் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். சந்தேகம் உடனேயே முன்னாள் விடுதலைப் புலிப் போராளிகள் பக்கம் திரும்பியது. அவர்களில் ஒருவர் சிறைக்குப் போனார்.

அது நடக்கக்கூடியதுதான். புனர்வாழ்வு முடித்து வீடு திரும்பியவர்களிடம் ‘விபரம் எடுக்க’ ஆட்கள் வந்துகொண்டே இருந்த காலம். என்ன தொழில், யார் வந்து போகிறார்கள் என்பதெல்லாம் கோப்பில் இருந்தது. சந்தேகம் கையிலிருந்த பெயர்களிலேயே நின்றது; உண்மைக் கொலையாளிகள் அப்போது தப்பினார்கள். செய்தது, பின்னர் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களை நடத்திய சஹ்ரான் ஹாசிமின் குழு. சஹ்ரானைப் பற்றி முன்பே முறையிட்டவர்களில் காத்தான்குடி முஸ்லிம்களும் இருந்தார்கள். பின்னர் அவர்களின் ஊர் முழுவதுமே சந்தேகத்துக்கு ஆளானது பெரும் அநீதி.

உண்மை வெளிவருமுன் 2019 ஏப்ரல் 21 வந்துவிட்டது. உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடித்து முற்றத்தில் நின்ற பிள்ளைகளும் மாண்டார்கள். ஆபத்து வருகிறதென்று இந்தியா ஏப்ரல் 4ஆம் திகதியே அறிவித்திருந்தது. வவுணதீவு இருக்கும் படுவான்கரையில் ஏழைவீட்டு விருந்தாளியைக்கூட எழுதிவைத்த அரசு, கைக்கு வந்த எச்சரிக்கையைக் கிடப்பில் போட்டது. சிறையிலிருந்தவர் அதன் பிறகே, மே மாதத்தில் விடுதலையானார்.

2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம், அந்தத் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அரச புலனாய்வுச் சேவையின் அன்றைய பணிப்பாளர் நிலந்த ஜயவர்தனவுக்கு விதித்தது 7.5 கோடி. கண்காணிக்கும் கதிரையில் இருந்தவரிடம் இந்த நாடு கணக்குக் கேட்ட அரிய நாள் அது. ஆனால் எச்சரிக்கையைக் கவனியாததற்கான கணக்கு மட்டுமே அது. குற்றமற்றவர்களைக் கோப்பில் ஏற்றியதற்கு யார் பதில் சொல்வது?

2021 மே 18 அன்று மட்டக்களப்பு மாவட்டத்தின் கிரானில், போரில் இறந்தவர்களை நினைவுகூர்ந்த பத்துப்பேர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார்கள். பிணை கிடைத்தது டிசம்பரில். சீயோன் அனுபவத்துக்குப் பின்னரும் அரசின் பார்வை அழுகிறவர்கள் மீதே நின்றது.

தனியுரிமை என்பது ஒளிக்க ஏதோ இருப்பவனின் தேவை என்கிறார்கள். அப்படியல்ல; துக்கம், கடன், வீட்டுக்கு வரும் உறவு ஆகியவற்றைக் காரணமின்றி எவருக்கும் விளக்கவேண்டியதில்லை என்ற நிலைதான் அது. 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அது தனியாகச் சொல்லப்படவில்லை. தகவல் அறியும் உரிமை 2015இல் சேர்க்கப்பட்டது. ஆனால் நம்மைப் பற்றிய கோப்பைக் கேட்டால் தேசிய பாதுகாப்பு என்ற விதிவிலக்குக் குறுக்கே வரலாம். கேட்காமலிருக்க அது காரணமாகாது. விபரம் எடுக்க வருபவரிடம் யாருடைய உத்தரவு, எந்தச் சட்டம் என்று எழுத்தில் கேட்கவேண்டும். வந்தவரின் பெயரையும் திகதியையும் குறித்துவைக்கவேண்டும்.

அக்கம்பக்கத்தாருக்கும் இதில் பங்குண்டு. கோப்பில் ஏறும் பாதி விபரம் பக்கத்து வீட்டிலிருந்துதான் போகிறது. பயத்திலும் பழைய பகையிலும் கூட்டிச் சொன்ன ஒரு வார்த்தை, வேறொரு வீட்டின் உழைப்பாளியைச் சிறைக்கு அனுப்பும். குற்றம் கண்டால் சொல்வது கடமை. காணாததைக் கேட்டால், “எனக்குத் தெரியாது ஐயா” என்று அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.