வீதியிலே விளையாடும் பிள்ளைகள்



"விளையாட்டு உலகத்துக்குரியது, சபைக்கு எதுக்கு பாஸ்டர்?" என்று சிலர் கேட்கிறீர்கள். சகரியா 8-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தேவன் எருசலேமுக்கு வாக்குப்பண்ணின ஆசீர்வாதத்திலே, பிள்ளைகள் வீதியில் விளையாடுகிறார்கள். கோலூன்றிய முதியவர்களும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். முழுக் குடும்பமும் ஒரே இடத்தில்! அல்லேலூயா!

1844-ல் லண்டன் துணிக்கடையில் வேலைபார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ் பார்த்தது என்ன? வேலை முடிந்த வாலிபருக்குப் போக்கிடம் மதுக்கடைதான். நண்பர்களைக் கூட்டி ஜெபத்தோடு ஒய்.எம்.சி.ஏ.வை ஆரம்பித்தார். அதன் அமெரிக்கப் பயிற்சிப் பள்ளியிலே, குளிர்காலத்தில் அடைந்து கிடந்த வாலிபருக்காக, 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடையை உயரத்தில் மாட்டிக் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். 1920-ல் ஹாரி பக் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியையே தொடங்கினார்.

ஜெபமும் பந்தும் ஒரே கூரையின்கீழ் இருந்தது, பார்த்தீர்களா?

பந்து யாரையும் இரட்சிக்காது. ஆனால் அங்கே பேர் சொல்லிக் கூப்பிட ஒரு மூத்த சகோதரன் இருந்தால், வாலிபன் மனசு திறப்பான். தகப்பன்மாரே, பிள்ளையை விட்டுட்டு வந்துடாதீங்க, கூட உட்காருங்க. நாம் இடம் கொடுக்காவிட்டால், சத்துரு கொடுப்பான்.

கர்த்தர்தாமே நம் பிள்ளைகளைக் காப்பாராக. ஆமென்.