அடுப்படியின் நடுநிலை

சமையலறைச் சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது என்பதைத் தத்துவக் கேள்வி என்று சொன்னால் சிரிப்பார்கள். பெயின்ட் கடைக்காரர் கலர் கார்டை விரிப்பார், நாம் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைப்போம், வேலை முடிந்தது. ஆனால் 'நியூட்ரலா ஒரு கலர் குடுங்க' என்று கேட்கும்போது நாம் நிறத்தை மட்டும் கேட்கவில்லை. யார் பக்கமும் சாயாத ஒன்று இந்த உலகில் இருக்கிறது, அதை லிட்டர் கணக்கில் வாங்கவும் முடியும் என்று நம்பித்தான் கேட்கிறோம். அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

எடுத்துக்காட்டுக்கு எங்கள் வீட்டையே வைத்துக்கொள்கிறேன். சென்னையின் தெற்குப் புறநகரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். வாஸ்துப்படி தென்கிழக்கில் சமையலறை. கறுப்பு கிரானைட் மேடை, அதற்கு மேல் இரண்டடிக்கு க்ரீம் டைல்ஸ், கிழக்கே ஒரு ஜன்னல், தலைக்கு மேல் டியூப்லைட். டைல்ஸுக்கு மேலே மிச்சமிருக்கும் சுவரைப் பற்றித்தான் பேச்சு. இன்டீரியர் வேலை பார்த்தவர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்: "நியூட்ரலா போயிடுங்க சார். யாருக்கும் உறுத்தாது. நாளைக்கு விக்கறதுன்னாலும் ஈஸி."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சுக்குள் மூன்று கூற்றுகள் இருக்கின்றன. அப்படியொரு நிறம் இருக்கிறது என்பது ஒன்று. அது யாரையும் தொந்தரவு செய்யாது என்பது இரண்டு. இனிமேல் வரப்போகிற, இன்னும் முகம் தெரியாத ஒருவருக்கு இந்தச் சுவரில் பங்கு உண்டு என்பது மூன்று. முதலாவது இயற்பியல். மற்ற இரண்டும் அறம்.

1

இயற்பியலை முதலில் முடித்துவிடலாம். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல், பாரிஸின் கோபலான் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தார். அங்கே ஒரு புகார் வந்தது: கறுப்புச் சாயம் சரியில்லை, வெளிறித் தெரிகிறது. அவர் ஆராய்ந்து பார்த்ததில் சாயத்தில் குறை எதுவும் இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் கறுப்பை வெளிறச் செய்தன. இதை விரித்து அவர் எழுதிய புத்தகம் 1839இல் வந்தது. ஒரு நிறத்தைத் தனியாகப் பார்க்கவே முடியாது, பக்கத்திலிருப்பது அதை மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதுதான் சாரம். இதில் அதிகமாக மாறுவது சாம்பல் போன்ற அடங்கிய நிறங்கள். சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தால் சாம்பலில் லேசாகப் பச்சை ஏறும். நீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மஞ்சள் தட்டும். சொந்தமாகப் பிடிவாதம் இல்லாத நிறம், அண்டை அயலாரின் எதிரொலியாகிவிடுகிறது.

வெளிச்சமும் சும்மா இருப்பதில்லை. எங்கள் சமையலறையில் காலை ஏழு மணிக்கு நேர் வெயில். மதியத்துக்குமேல் பக்கத்து பிளாக்கின் பீச் நிறச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான். விடிவதற்கு முன்பும் இருட்டிய பிறகும் 6500 கெல்வின் டியூப்லைட், அதாவது நீலம் தட்டிய வெள்ளை. வடக்கு ஜன்னலில் நேர் வெயில் படாது, சீரான குளிர்ந்த வெளிச்சம் வரும் என்று ஐரோப்பிய அலங்காரப் புத்தகங்கள் சொல்லும். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நம் உச்சிவெயிலே வடக்குப் பக்கமாகத்தான் சாய்ந்திருக்கும். லண்டனின் நடுநிலை வேறு, மேடவாக்கத்தின் நடுநிலை வேறு.

இதை என் தொழில் மொழியில் சொன்னால் எனக்கு இன்னும் தெளிவாகிறது. புரோகிராம் எழுதும்போது ஒரு இடத்தைக் காலியாக விடுவதும், அந்த இடத்தில் டிஃபால்ட் மதிப்பு ஒன்றை வைப்பதும் ஒன்றல்ல. காலி என்றால் யாரும் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று பொருள். டிஃபால்ட் என்றால் உங்களுக்காக வேறு யாரோ ஏற்கனவே முடிவெடுத்துவிட்டார்கள். பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலோர் அதைத் தொடவே மாட்டார்கள் என்பது எழுதியவருக்கும் தெரியும். 'நியூட்ரல்' என்பது பார்க்கக் காலி இடம் மாதிரி இருக்கும் டிஃபால்ட்.

2

அப்படியானால் யாருடைய டிஃபால்ட்? வெள்ளைச் சுவர் ஒரு காலத்தில் வெளிப்படையான பிரச்சாரமாகவே இருந்திருக்கிறது. கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 1925இல், ஒவ்வொரு குடிமகனும் சுவரில் தொங்குவதையும் பூப்போட்ட காகிதங்களையும் கழற்றிவிட்டு ரிப்போலின் என்ற வெள்ளைப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று எழுதினார். வீடு சுத்தமானால் மனமும் சுத்தமாகும், இருண்ட மூலைகள் இருக்காது என்பது அவர் வாதம். அதே மனிதர் 1931இல் ஒரு சுவர்க்காகித நிறுவனத்துக்காக 43 நிறங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார் என்பது வேறு விஷயம். நான் கவனிப்பது, வெள்ளை அன்று நடுநிலை என்று சொல்லிக்கொண்டு வரவில்லை என்பதை. அது ஒரு கட்சியாக வந்தது. ஜெயித்த பிறகுதான் நடுநிலை ஆயிற்று.

இதற்கு அடுத்த வருடம், 1926இல், மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் பிராங்க்பர்ட் நகரின் புதுக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் இரண்டு மீட்டருக்கும் குறைவு, நீளம் மூன்றரை மீட்டருக்குள். ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் அது போடப்பட்டது. இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் பாட்டி. அதன் அலமாரிகளுக்கு நீலப்பச்சை அடித்தார்கள், ஈ அந்த நிறத்தில் உட்காராது என்று நம்பி. ஒரு பெண் நடக்கும் ஒவ்வொரு அடியையும் மிச்சப்படுத்த வேண்டும் என்ற உண்மையான அக்கறை அதில் இருந்தது. ஆனால் அதை வடிவமைத்த காலத்தில் தனக்குச் சமைத்தோ வீட்டை நடத்தியோ பழக்கமே இல்லை என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அக்கறை, அறிவு, திறமை எல்லாம் இருந்தும் அடுப்பின் முன் நிற்கிறவரின் அனுபவம் மட்டும் அந்த மேசைக்கு வரவில்லை. ஒரு பெண்ணே செய்தபோதும் இப்படி ஆகலாம் என்றால், பிரச்சனை ஆண், பெண் என்பதோடு முடிவதில்லை. நிற்பவர் யார், தீர்மானிப்பவர் யார் என்பதில் இருக்கிறது.

3

'யாருக்கும் உறுத்தாது' என்ற இரண்டாவது கூற்றை இங்கே வைத்துப் பார்க்கலாம். வெள்ளைக்குப் பக்கத்திலுள்ள நிறங்கள் கண்ணுக்கு உறுத்தாது, சரி. கைக்கு?

நம் சமையல் சுவரைத் தொடாத சமையல் அல்ல. கடுகு வெடிக்கும், மிளகாய் வற்றல் எண்ணெயோடு தெறிக்கும், குக்கர் மூன்றாவது விசிலில் பருப்புத் தண்ணியைக் கூரைவரை அனுப்பும். எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள்தூள். அதிலிருக்கும் குர்குமின் பட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும். நல்ல வெயில் பட்டால் மெல்ல வெளுக்கும், சோப்புப் போட்டால் முதலில் சிவந்துவிட்டு நம்மைப் பயமுறுத்தும். சுண்ணாம்பிலும் அதே கதைதான், குங்குமம் செய்கிறவர்களுக்குத் தெரியும்.

பழைய அடுப்படிகளும் வெள்ளைதானே என்று கேட்கலாம். விறகடுப்பு எரிந்த வீடுகளில் சுண்ணாம்பு அடித்தார்கள். ஆனால் அந்த வெள்ளை வருடத்தில் ஒருநாள் நடக்கும் நிகழ்ச்சி. பொங்கலுக்கு முன்னால் அடிப்பார்கள், தை முடிவதற்குள் புகை ஏற ஆரம்பிக்கும், ஆடிக்குள் அடுப்புப் பக்கம் கன்னங்கரேல் என்றாகிவிடும். அதற்காக யாரும் யாரையும் கேள்வி கேட்க மாட்டார்கள். அடுப்படி என்றால் கறுக்கும், மறுபடி அடித்துக்கொள்ளலாம். இன்றைய எமல்ஷன் வெள்ளை அப்படியல்ல. அது 365 நாளும் வெள்ளையாக இருந்தாக வேண்டும். போட்டோவில் எப்படி இருந்ததோ அப்படி. நடுவில் எவ்வளவு தாளிப்பு நடந்தாலும் நடக்காத மாதிரி இருக்க வேண்டும்.

அப்படி இருக்க வைப்பது யார்? பல வீடுகளில் அம்மா, அல்லது மனைவி, அல்லது பாத்திரம் தேய்க்க வரும் அக்கா. வெள்ளைச் சுவர் தன்மேல் நடந்த உழைப்பைக் காட்டாது, நடக்காத உழைப்பை மட்டும் காட்டிக்கொடுக்கும். நூறு தடவை துடைத்தது தெரியாது, நூற்றியோராவது தடவை துடைக்காதது பளிச்சென்று தெரியும். வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பவர் கண்ணால் தேர்ந்தெடுக்கிறார். அதற்கான விலையை வேறொருவர் முழங்கையால் கொடுக்கிறார். இதற்குப் பெயர் நடுநிலை இல்லை.

4

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் போவது சரியல்ல. நியூட்ரல் என்பது சில நேரம் மரியாதை. வாடகை வீட்டில் முன்னால் இருந்தவர் ஆசையாக அடித்த அரக்குச் சிவப்புக்குள் இரண்டு வருடம் சமைத்துப் பாருங்கள். வெறும் சுவர் 'நீ உன் வாழ்க்கையைக் கொண்டு வா' என்று ஒதுங்கி நிற்கிறது. ஒரே வீட்டில் நான்கு பேருக்கு நான்கு ருசி இருந்தால் அடங்கிய நிறம் ஒரு போர்நிறுத்த ஒப்பந்தம். நான் அதை மதிக்கிறேன். ஆனால் ஒப்பந்தம் என்றால் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஒருத்தரிடம் பேப்பரே போகவில்லை என்றால் அது ஒப்பந்தம் ஆகாது.

நாளைக்கு வாங்கப்போகிறவர்? இருபது வருடக் கடன் கழுத்தில் இருப்பவனுக்கு அந்தப் பயம் பொய்யல்ல, வீடுதான் அவனிடம் இருக்கும் ஒரே பெரிய சொத்து. இருந்தாலும் யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் வீடு வாங்குகிறவர் பால் காய்ச்சுவதற்கு முன் எப்படியும் பெயின்டரைக் கூப்பிடுவார். நாம் அவருக்காக விட்டுக்கொடுத்த நிறத்தின் மேல் அவர் முதல் வாரமே பட்டி பார்த்துவிடுவார். வரப்போகிற அந்நியருக்கு இடம் விடுவது பண்பு. ஆனால் அவருக்குக் கொடுத்த இடத்தில் பாதியாவது, தினமும் அங்கே நாலு மணி நேரம் நிற்கிறவருக்குக் கொடுத்தோமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

5

"உனக்கு எந்த கலர்மா வேணும்?" என்று அம்மாவிடம் கேட்டேன். "எதுவா இருந்தா என்னப்பா. துடைச்சா போற மாதிரி இருக்கட்டும், போதும்."

இந்தப் பதிலை இரண்டு விதமாகத் தவறவிடலாம். 'அம்மாவுக்கு விருப்பம்னு ஒண்ணும் இல்ல' என்று நாமே முடித்துக்கொள்வது ஒன்று. 'பாவம், தியாகம்' என்று நெகிழ்ந்துவிட்டு நமக்குப் பிடித்ததை அடிப்பது இன்னொன்று. இரண்டிலும் முடிவு ஒன்றுதான்.

செவ்ரலின் சாம்பல் நிறம் எனக்கு இங்கே ஞாபகம் வந்தது. 'எதுவா இருந்தாலும் சரி' என்று சொல்கிறவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. மற்றவர்களின் நிறம் எடுப்பாகத் தெரிய அவர்கள் பின்னால் நிற்கிறார்கள். அப்பாவின் கோபத்துக்குப் பக்கத்தில் பொறுமையாகவும், பிள்ளைகளின் ஆசைக்குப் பக்கத்தில் சிக்கனமாகவும் தெரிகிறார்கள். அது அவர்களுடைய சொந்த நிறமா, அண்டை நிறங்கள் ஏற்றியதா என்று பல வருடத்துக்குப் பிறகு பிரித்துப் பார்ப்பது கஷ்டம். நாற்பது வருடம் யாரும் கேட்காத கேள்வியை ஒருநாள் திடீரென்று கேட்டால் பதில் தயாராக இருக்காது. விருப்பமும் ஒரு பழக்கம்.

அதனால் கேள்வியை மாற்றினோம். கலர் கார்டின் தபால்தலைக் கட்டங்களை மூடி வைத்துவிட்டு, இரண்டடிக்கு இரண்டடி பலகைகள் நான்கில் வெவ்வேறு சாம்பிள்களை இரண்டு கோட் அடித்து, அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தோம். எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது நாள் அம்மாவே ஆரம்பித்தார்: "அந்த வெள்ளை விடியக்காலம் லைட்டப் போட்டா கண்ணக் குத்துது." பிறகு, "இந்தச் சாம்பல், மழை நாள் மாதிரி இருக்கு, இதுல நின்னா வேலையே ஓடாது." நாலாவது நாள், கடைசிப் பலகையைக் காட்டி, "இது வெந்த பருப்பு கலரு. மஞ்சத்தூள் தெறிச்சாலும் தெரியாது."

விடியற்காலை ஐந்து மணிக்கு டியூப்லைட்டில் அந்தச் சுவர் எப்படி இருக்கும் என்று வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம். ரசனை இல்லை என்று நினைத்த இடத்தில், ரசனையும் அறிவும் சேர்ந்தே இருந்தது. துடைக்க வர வேண்டும் என்பதும் ஒரு அழகியல்தான். அதை அழகியலாக நாம் கணக்கில் எடுப்பதில்லை, அவ்வளவே.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பருப்பு நிறமும் கலர் கார்டில் நியூட்ரல் பக்கத்தில்தான் இருந்தது. இன்டீரியர்காரரும் திருப்தி, வருங்கால வாங்குபவரும் திருப்தி. அப்படியானால் இவ்வளவு பேச்சு எதற்கு? சுவரில் ஒட்டியிருப்பது ஒரே பெயின்ட்தான். ஆனால் ஒன்று யாரையும் கேட்காமல் வந்தது, இன்னொன்று நிற்கிறவரைக் கேட்டு வந்தது. இந்த வித்தியாசம் சுவரில் தெரியாது. வீட்டில் தெரியும்.

திருக்குறளின் 12ஆம் அதிகாரம் நடுவு நிலைமை. அதில் வள்ளுவர் நடுநிலைக்கு உவமையாகத் தராசைக் கொண்டு வருகிறார். நியூட்ரல் என்று நாம் சொல்லும்போது மனதில் வருவது நிறமில்லாத, எடையில்லாத, யாரையும் பாராத ஒன்று. தராசு அப்படியில்லை. தட்டில் எதையும் வைக்காதவரை அது சமமாக நிற்கும். வைத்த பிறகும் அசையாமல் நின்றால் அதற்குப் பெயர் பழுது. எந்தப் பக்கம் பாரம் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஒளிக்காமல் சாய்வதுதான் தராசின் நேர்மை. வீட்டிலோ, எழுதுகிற நிரலிலோ, ஊர்க் கூட்டத்திலோ 'நான் நியூட்ரல்' என்று யாராவது சொல்லும்போது, நான் இப்போதெல்லாம் நிறத்தைப் பார்ப்பதில்லை. தட்டில் யாருடைய பாரத்தையாவது வைத்துப் பார்த்தார்களா என்று பார்க்கிறேன்.