காத்தவன் உடையவனா?

பச்சோந்தி என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் வசையாகவே வழங்கி வருகிறோம். கட்சி மாறுகிறவனும், வாக்குப் பிறழ்கிறவனும், ஆளுக்கேற்ப முகம் மாற்றுகிறவனும் நம் பேச்சில் பச்சோந்திகளே. நமது காஞ்சி மாநகரில் வரதராசப் பெருமாள் கோயிலின் பொன் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்க மக்கள் வரிசையில் நிற்கின்றனர். அதே ஊரின் வேலியோரத்தில் பச்சோந்தி ஒன்று ஊர்ந்தால், நச்சுயிர் என்று அஞ்சிக் கல்லைத் தேடுகின்றனர். உண்மையில் அதற்கு நஞ்சு இல்லை. அதன் நிறமாற்றமும் வஞ்சகமன்று. தோலிலுள்ள நுண்ணிய படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்பதை ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் விளக்கினர். அச்சம், சினம், வெம்மை, இணைவிழைவு ஆகியவற்றை அது நிறத்தால் வெளிப்படுத்துகிறது. மனத்தில் உள்ளதை மேனியில் காட்டும் உயிருக்கு, உள்ளதை மறைப்பவனின் பெயரைச் சூட்டியிருக்கிறோம்!

நாம் கல்லெறியும் இவ்வினத்தை மேலைநாடுகளில் பலர் வீட்டில் வளர்ப்பதோடு, அதன் முட்டைகளையும் தாமே அடைகாத்துப் பொரிக்கச் செய்கின்றனர். யேமனையும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியையும் தாயகமாகக் கொண்ட ஒரு வகையே அங்கே மிகுதியாக வளர்க்கப்படுகிறது. தாய் ஈரமணலில் குழி பறித்துப் பல முட்டைகளை இட்டு, மண்ணை மூடிவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடும். வளர்ப்பவர் அவற்றை எடுத்து, ஈரமூட்டிய வெர்மிகுலைட் பரப்பிய பெட்டியில் வரிசையாகப் பதித்து, மிதமான வெப்பத்தில் வைக்கிறார். அதன்பின் ஆறு மாதம், சில வேளைகளில் ஒன்பது மாதத்திற்கு மேலும் காத்திருக்கிறார்.

இக்காத்திருத்தலில் ஓர் அறப்பயிற்சி அடங்கியுள்ளது என்பதை நாம் மறுக்க இயலாது. கோழி தன் முட்டையை அடிக்கடி புரட்டுகிறது. பச்சோந்தி முட்டையைப் புரட்டினால் கரு மடியக்கூடும். ஏனெனில் ஊர்வனவற்றின் கரு தொடக்கத்திலேயே ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே எடுக்கும்போதே மேற்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி இட்டு, அது மேலேயே இருக்கும்படி வைக்கின்றனர். ஈரம் மிகுந்தால் அழுகும், குறைந்தால் சுருங்கும். ஓடு கீறிய பிறகும் பொறுமை வேண்டும். குஞ்சு தலையை மட்டும் நீட்டி நெடுநேரம் அசையாதிருக்கும். இரக்கத்தால் ஓட்டைப் பிரித்து விடுவோர் அதனைக் கொன்றுவிடவும் கூடும். எஞ்சிய மஞ்சள் கரு அப்போதுதான் அதன் வயிற்றுக்குள் ஒடுங்கிக்கொண்டிருக்கும். கைவைக்காமல் இருப்பதும் அன்பின் ஒரு வடிவமே என்பதை இதனினும் தெளிவாகக் கற்பிக்கும் பள்ளி உண்டோ?

முட்டைக்குள் இருப்பது வாழ்வுக்கான முன்னுரை மட்டுமே என்றும் எண்ணிவிட வேண்டாம். மடகாஸ்கர் தீவின் ஒருவகைப் பச்சோந்தி, ஓராண்டு ஆயுளில் எட்டு ஒன்பது மாதங்களை முட்டைக்குள்ளேயே கழித்து, வெளியே நான்கைந்து மாதங்கள் மட்டுமே வாழ்கிறது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. கண்ணுக்குத் தெரியாத காலமே அதன் வாழ்வின் பெரும்பகுதி.

இனி நம் கேள்விக்கு வருவோம். இவ்வளவு பொறுமையோடு காத்தவர், பொரித்த குஞ்சை என்ன செய்கிறார்? கூண்டில் இடுகிறார், அல்லது விற்கிறார். பச்சோந்தி தனிமையை நாடும் உயிர். தன் இனத்தைச் சேர்ந்த மற்றொன்றை அருகில் கண்டாலே நிறம் கறுத்துக் கலங்கும். மனிதக் கை படுவதையும் பொதுவாக விரும்பாது. ஒன்பது மாதம் தொடாமல் காத்தவர், தொடாதிருக்க வேண்டிய அவ்வுயிரை வாழ்நாள் முழுதும் தம் பார்வைக்கும் கைக்கும் உரியதாக்கிக்கொள்கிறார். ‘நான் காத்தேன், ஆகவே இது எனது’ என்பதே இதன் அடியில் உள்ள வாதம். இவ்வாதம் செல்லுமா?

பட்டு நெய்யும் ஊரில் வாழும் நாம் இதைப் பிறர் குறையாக மட்டும் பேசிவிட இயலாது. காஞ்சிப் பட்டின் தொடக்கமும் அடைகாக்கப்பட்ட முட்டையே. பட்டுப்பூச்சி முட்டைகளை ஏறக்குறைய 25 பாகை வெப்பத்தில் காத்து, பொரியும் தறுவாயில் கறுப்புத் துணியால் மூடி, பின் ஒளியில் திறந்து, புழுக்கள் ஒருசேர வெளிவரச் செய்கின்றனர். அப்புழு கட்டிய கூட்டைப் பூச்சி துளைத்து வெளியேறினால் இழை அறுந்துபோகும். எனவே கூட்டினுள் இருக்கும்போதே அதனைக் கொன்றுவிடுகின்றனர். இதுவும் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பட்டுப்புழுவின்பால் கொண்ட பாசத்தால் அதை வளர்க்கிறேன் என்று எந்த விவசாயியும் சொல்வதில்லை. பிழைப்புக்காக என்றே சொல்கிறார். பயனைப் பயன் என்று சொல்வதில் நேர்மை இருக்கிறது. உடைமை வேட்கைக்கு அன்பு என்று பெயரிடும்போதுதான் மனச்சான்று மயங்குகிறது.

நம் நாட்டுச் சட்டம் இதில் கூர்மையாகப் பேசுகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் விலங்கு என்ற சொல்லுக்குள் அதன் முட்டையும் அடங்கும். காட்டு ஊர்வனவற்றின் முட்டைகளைச் சிதைப்பதும் கலைப்பதும்கூட அதில் வேட்டை என்றே வரையறுக்கப்பட்டுள்ளன. நம் மண்ணின் பச்சோந்தியும் அச்சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. அதைப் பிடித்து வளர்க்க எவருக்கும் உரிமை இல்லை.

சட்டத்திற்கு முன்பே மறைநூலும் இதைத் தொட்டிருக்கிறது. பறவைக் கூட்டைக் காண்பவன் குஞ்சுகளோடோ முட்டைகளோடோ இருக்கும் தாயையும் சேர்த்துக் கவர்ந்துகொள்ளலாகாது என்கிறது இணைச்சட்ட நூல். எடுக்கும் கைக்கு அங்கே எல்லை வகுக்கப்படுகிறது. விலங்குகளிடம் இரக்கம் பழகியவன் மனிதரிடமும் இரங்குவான் என்பது இத்தகைய கட்டளைகளுக்குப் புனித தோமா அக்குவினா தந்த விளக்கங்களுள் ஒன்று. யோபு நூலிலோ, முட்டைகளை மண்ணில் விட்டுச் செல்லும் தீக்கோழியைக் குறித்து இறைவனே பேசுகிறார். தாய் விட்டுச் சென்றதும் இறைவனின் பார்வையினின்று விலகவில்லை. ஆகவே தாய் இல்லாத முட்டை உரிமையாளர் இல்லாத பொருளாகிவிடாது.

அப்படியானால் எந்த முட்டையையும் எவரும் தொடவே கூடாதா? சென்னைக் கடற்கரை இதற்கு விடை தருகிறது. அங்கே 1988 முதல் மாணவர்கள் இரவில் மணலில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடி எடுத்து, வேலியிட்ட மணற்குழிகளில் காத்து வருகின்றனர். நாய்களும் மனிதரும் கடற்கரை விளக்குகளும் முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆபத்தாகிவிட்டதால் இப்பணி வேண்டியதாயிற்று. ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் குஞ்சுகள் வெளிவந்ததும் அவற்றைக் கடலில் விட்டுவிடுகின்றனர். அங்கே எவரும் ‘எனது ஆமை’ என்று சொல்வதில்லை. கடலுக்குள் போன குஞ்சு தன்னைக் காத்தவரை அறியப்போவதுமில்லை. இப்பணியிலிருந்து இரு உரைகல்களை நாம் பெறலாம். நம் தலையீடு அவ்வுயிரின் தேவையால் எழுந்ததா, நம் விருப்பத்தால் எழுந்ததா என்பது ஒன்று. தேவை தீர்ந்ததும் நம் கை விலகுகிறதா என்பது மற்றொன்று.

கூண்டில் பிறந்ததை வெளியே விட்டால் அது விடுதலை ஆகாதா என்று சிலர் கேட்கலாம். ஆகாது. ஃபுளோரிடாவிலும் ஹவாயிலும் அப்படி வெளியேறிய யேமன் பச்சோந்திகள் அந்நிய மண்ணில் பெருகிவிட்டன. கூண்டில் பொரித்ததை அதன் இறுதிவரை பேணுவதே பொரிக்கச் செய்தவரின் கடமை. நம் நாட்டிலும் அயல்நாட்டு அரிய உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றையும் அவற்றின் குட்டிகளையும் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதிகள் வந்துள்ளன. எனவே முட்டை பொரிந்த பின்னர் அன்று, பெட்டியை ஆயத்தம் செய்யும் முன்னரே கேட்க வேண்டிய கேள்வி இது: யாருக்காக இவ்வுயிரை வருவிக்கிறோம்?

காஞ்சியைச் சுற்றிப் புதர்க்காடுகள் மனைகளாகி வரும் இந்நாளில், மண்ணை வெட்டும்போது வெண்ணிற முட்டைகள் சில வெளிப்படலாம். அப்போது அவற்றைப் புரட்டாமல், எடுத்துச் செல்லாமல், இருந்தபடியே ஈரமண்ணால் மூடி, வேலையை அவ்விடத்தில் நிறுத்தி, வனத்துறைக்குச் சொல்வதே முறை.

இந்த உரைகல் முட்டைகளுக்கு மட்டும் உரியதன்று. பெற்றோம், வளர்த்தோம், படிக்க வைத்தோம் என்று சொல்லியே பிள்ளைகளின் படிப்பையும் தொழிலையும் மணத்தையும் தம் கைக்குள் வைத்திருக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். ஞானத் தந்தையரும் ஆசிரியரும் தலைவரும் இதற்கு விலக்கல்லர். பட்ட பாடு உண்மையே. செய்த தியாகமும் உண்மையே. ஆனால் அவை கடமையை நிறைவேற்றியதற்குச் சான்றாகுமேயன்றி உடைமைப் பத்திரம் ஆகா. காக்கும் கைக்குத் திறக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.