ஆப்த வாக்கியமும் பைனாக் யந்திரமும்

ஒருவர் சொன்ன சொல்லை நாம் எதனால் நம்புகிறோம் என்ற கேள்வியை நம் தர்க்க சாஸ்திரக்காரர்கள் வேள்விச் சாலைக்குள் மட்டும் வைத்துப் பூட்டிவிடவில்லை. நியாய சூத்திரத்துக்குப் பாஷ்யம் செய்த வாத்ஸ்யாயனர், ஒரு பொருளைத் தாமே நேரில் கண்டறிந்து, கண்டதைக் கண்டபடியே பிறருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விருப்பத்தால் ஏவப்பட்டுப் பேசுகிறவர் எவரோ அவரே ஆப்தர் என்று வரையறுத்துவிட்டு, இந்த லக்ஷணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொதுவானது என்றும் சேர்த்துச் சொன்னார். வேதத்தின் பிரமாணத்தைக் காக்கப் புறப்பட்டவர் இவ்வளவு தாராளமாக எழுதியது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

அந்த மூன்றாவது வகுப்பிலிருந்து ஒருவரைச் சாட்சிக்கு அழைக்கிறேன். ஜோசப் சாப்லைன் என்ற அமெரிக்கர், இரண்டாம் உலக யுத்த காலத்தில் பென்சில்வேனியா சர்வகலாசாலையின் மூர் பொறியியல் பள்ளியில், வகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் பெரிய யந்திரம் ஒன்றைப் பழுது பார்த்துப் பராமரித்து வந்தவர். மின்னணுக் குழாய்களைக் கொண்டே கணக்கிடும் யந்திரம் செய்யலாம் என்று ஜான் மாக்லி 1942இல் எழுதிய குறிப்பு அங்கே கவனிப்பாரின்றிக் கிடக்க, ராணுவத்தின் சார்பில் வந்திருந்த ஹெர்மன் கோல்ட்ஸ்டைனின் காதில் அந்தச் செய்தியைப் போட்டவர் சாப்லைன்தான். ஏறக்குறைய 18,000 குழாய்கள் கொண்ட எனியாக் என்ற கணினி அதன் பிறகே உருவாயிற்று. பின்னர் அதைச் செய்த மாக்லியும் எக்கர்ட்டும் தனிக் கம்பெனி தொடங்கி, நார்த்ராப் விமானக் கம்பெனிக்காக பைனாக் என்ற கணினியைச் செய்தபோது, அதற்குரிய கையேட்டை 1949இல் எழுதும் பணி, கருவிப்பெட்டியோடு பழகிய இந்த மனிதரிடம் வந்து சேர்ந்தது. கணினிக்கென்று எழுந்த தொடக்க காலக் கையேடுகளில் அதுவும் ஒன்று. அவர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவரும்கூட. என்றோ மறைந்தவர் எழுதிவைத்த ஸ்வரக் குறிப்பைப் பார்த்து விரலை நகர்த்துகிறவருக்கு, எழுதிவைத்த விதியின் அருமை தெரிந்திருக்கும் அல்லவா?

வாத்ஸ்யாயனர் சொன்ன லக்ஷணத்தின் முதற்பாதி, பழுது பார்ப்பவருக்குத் தானே வாய்த்துவிடுகிறது. யந்திரத்தைப் படைத்தவன் அது எப்படி ஓட வேண்டும் என்பதை அறிவான். பராமரிக்கிறவனோ அது எப்படியெல்லாம் ஓட மறுக்கும் என்பதையும் அறிவான். கடினமெல்லாம் இரண்டாம் பாதியில்தான். பொறியியல் கற்றவன் தான் அறிந்துகொண்ட வரிசையிலே சொல்லப் புகுகிறான். வாசிக்கிறவனுக்கோ செய்யும் வரிசை வேண்டியிருக்கிறது. வேதத்தில் ஓரிடத்தில் அக்னிஹோத்திரம் செய்வது முதலிலும், கஞ்சி காய்ச்சுவது அதற்குப் பின்னும் விதிக்கப்பட்டிருக்க, அந்தக் கஞ்சியே ஹோம திரவியமாதலால் பாடக் கிரமத்தை, அதாவது சொன்ன வரிசையைத் தள்ளி, அர்த்தக் கிரமத்தை, அதாவது பொருளுக்கேற்ற வரிசையைக் கொள்க, முதலில் கஞ்சியைக் காய்ச்சுக என்று வேத விதிகளுக்குப் பொருள் காணும் மீமாம்ஸகர்கள் தீர்ப்புச் செய்தார்கள். வேள்வி செய்பவனுக்கு இப்படி உதவ ஒரு சாஸ்திரமே இருந்தது; நின்றுபோன யந்திரத்தின் முன் தனியாக விழித்துக்கொண்டிருக்கும் சிப்பந்திக்கு யார் இருக்கிறார்? ஆகவே அந்த மீமாம்ஸை முழுவதையும் எழுதுகிறவரே தம் மனத்துக்குள் முன்கூட்டி நடத்தி முடித்து, சண்டையின் தடயம் தெரியாத ஒரு வாக்கியத்தை மட்டும் வெளியே விட வேண்டியிருக்கிறது.

வேதத்துக்குக் கர்த்தா இல்லை, ஆதலால் கர்த்தாவின் குற்றங்களும் இல்லை என்பது மீமாம்ஸகர் கட்சி. கையேட்டைப் புரட்டுகிறவனும் இதை எழுதியவர் யார் என்று கேட்பதில்லை. அந்த அளவில் அதுவும் அபௌருஷேயம், அதாவது ஆள் எவரும் ஆக்காதது, போலத் தோன்றுகிறது. ஆனால் பெயர் மறைந்ததனால் ஆள் இல்லாமற் போய்விடவில்லை. என் சாய்வு, வேதத்துக்கும் கர்த்தா உண்டு என்ற நையாயிகர் பக்கமே.

பைனாக் கலிபோர்னியா போய்ச் சேர்ந்தபின் சரிவர ஓடவேயில்லை என்றது நார்த்ராப். புறப்படும் முன் நன்றாகத்தான் ஓடியது, பிரித்துக் கொண்டுபோய் மீண்டும் பூட்டியதில்தான் கோளாறு என்றார்கள் செய்தவர்கள். புத்திர காமேஷ்டி செய்தும் பிள்ளை பிறக்கவில்லையே, வேதம் பொய்தானே என்ற ஆக்ஷேபத்துக்கு நியாய சூத்திரம் கூறும் சமாதானமும் இதே ஜாதிதான்: குறை கர்மத்தில் இருக்கலாம், கர்த்தாவில் இருக்கலாம், சாதனத்தில் இருக்கலாம், விதியில் மட்டும் இல்லை. கையேடு எழுதுகிறவருக்கு இந்தப் பாதுகாப்புக் கிடையாது. அந்த மூன்றோடு நான்காவதாக அவருடைய வாக்கியமும் விசாரணைக்கு நிற்கிறது. அதற்கு ஈடாக, அடுத்த பதிப்பில் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு வேறு எழுதும் உரிமை, எந்த வைதிகருக்கும் வாய்க்காதது, அவருக்கு உண்டு.